நதித்துறைமுகமும் சிற்றூர்க் கடையும்: மாஓ துன்னின் புனைகதைகளிற் சீன வணிக வாழ்வு

சீனாவின் நதித்துறைமுகங்கள் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சுங்கப் பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளன. இதில் வியப்பில்லை. 1863இல் றொபேட் ஹாட் என்னும் பிரித்தானியர் தலைமைப் பதவியேற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தம் பிடியில் வைத்திருந்த சீனக் கடற்சுங்கச் சேவை, எந்தத் துறைக்கு எவ்வளவு துணி வந்தது, எவ்வளவு தேயிலையும் பட்டும் வெளியேறின, எந்தக் கொடியின் கீழ் எத்தனை கப்பல்கள் வந்து சென்றன என்பவற்றையெல்லாம் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை விரிவான அறிக்கைகளையும் தயாரித்தது. ஆய்வாளனுக்கு இவை பெருஞ்செல்வம். ஆயினும் இப்பதிவேடுகளில் ஒரு பக்கம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. கப்பலில் ஏற்றப்பட்ட பட்டின் நிறை அவற்றில் உண்டு; அப்பட்டுக்காகப் புழு வளர்த்த குடும்பம் அவ்வாண்டில் எவ்வளவு கடன்பட்டது என்பது இல்லை. இறக்கப்பட்ட பண்டங்களின் பெறுமதி உண்டு. அவற்றைச் சிற்றூர்க் கடையிலே கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமலே திரும்பிப் போனவனைப் பற்றிய குறிப்பு இல்லை.

இந்த வெற்றுப் பக்கத்தை எழுதியவர்களுள் முதன்மையானவர் மாஓ துன் (1896–1981). ஷென் யென்பிங் என்பது அவரது இயற்பெயர். பெருங்கால்வாயை அண்டிய ஊசென் என்னும் சிறு பட்டினத்திலே பிறந்து, ஷாங்காய்ப் பதிப்பகமொன்றில் 1916இல் வேலைக்கமர்ந்து, 1927இல் ஹான்கௌ நகரிலே புரட்சிச் சார்பான நாளிதழொன்றின் ஆசிரியராகக் கடமையாற்றியவர். நதியின் கழிமுகம், நடுப்பகுதி, கிளைக்கால்வாய் ஆகிய மூன்றிலும் வாழ்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1933இல் வெளிவந்த ‘நள்ளிரவு’ என்னும் நாவலும், 1932இல் எழுதப்பட்ட ‘லின் குடும்பத்தின் கடை’, ‘இளவேனிற் பட்டுப்புழுக்கள்’ ஆகிய இரு கதைகளும் இக்கட்டுரையிற் கவனிக்கப்படுகின்றன. பீக்கிங் பிறமொழிப் பதிப்பகம் 1950களில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்புகள் வாயிலாகவே எம்மவருட் பலர் இவற்றை அறிவர்.

முற்போக்கு விமரிசனத்தில் இம்மூன்றினுள்ளும் ‘நள்ளிரவு’க்கே முதலிடம் வழங்கப்பட்டு வந்துள்ளது. தேசிய முதலாளிக்கும் தரகு முதலாளிக்கும் இடையிலான போராட்டத்தை ஷாங்காய் நகரின் மையத்திலே நிறுத்திக் காட்டிய பெருநாவல் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். இக்கூற்று பிழையன்று. ஆனால் அந்நிய வணிகம் சீன மக்களின் வாழ்வில் எவ்வாறு இயங்கியது என்பதை அறிய விரும்புபவனுக்குத் துறைமுகத்தை நேரே காட்டும் நாவலைவிட, துறைமுகமே கண்ணிற்படாத அவ்விரு சிறுகதைகளும் கூடுதலாக உணர்த்துகின்றன என்பது எனது கருத்து. இதற்குக் காரணம் சிறுகதை, நாவல் என்ற வடிவ வேறுபாடு மாத்திரமன்று. துறைமுக வணிகத்தின் உயிர்நாடி கப்பலோ பண்டமோ அன்று, கடனே. அக்கடனின் கடைசிக் கணு எங்கே முடிகின்றதோ அங்கே நின்று பார்க்கும்போதே முழுச் சங்கிலியும் தெரிகின்றது.

கொழும்பையும் திருகோணமலையையும் காங்கேசன்துறையையும் கண்டு பழகிய எமக்குத் துறைமுகம் என்றவுடன் கடலே நினைவுக்கு வரும். சீனாவில் நிலைமை வேறு. அபின் யுத்தத்தின் முடிவில், 1842இல் எழுதப்பட்ட நாங்கிங் உடன்படிக்கை ஐந்து துறைகளை அந்நிய வணிகருக்குத் திறந்துவிட்டது. அவற்றுள் ஷாங்காய் யாங்சி நதியின் கழிமுகத்தையொட்டி ஹுவாங்பூ ஆற்றின்மேல் அமைந்தது. 1858ஆம் ஆண்டின் தியென்சின் உடன்படிக்கை யாங்சி நதியையே திறந்தது. 1861இல் ஹான்கௌ, சியூசியாங் ஆகியவை அந்நியருக்குத் திறக்கப்பட்டன. 1876ஆம் ஆண்டின் உடன்பாட்டினால் இச்சாங்கும் ஊஹூவும் சேர்ந்தன. 1891இல் சுங்கிங் திறக்கப்பட்டபோது வணிகம் மலைகளைத் தாண்டி ஸேச்சுவான் மாகாணத்துக்குள் நுழைந்துவிட்டது. யப்பானுடனான யுத்தத்தில் தோற்ற சீனா 1895இல் கைச்சாத்திட்ட ஷிமொனோசெக்கி உடன்படிக்கை இருவகையில் முக்கியமானது. துறைமுக நகர்களில் அந்நியர் ஆலைகளை நிறுவும் உரிமை அதனாலே கிடைத்தது. அத்துடன் ஷாங்காயிலிருந்து சூச்சௌவுக்கும் ஹாங்சௌவுக்கும் செல்லும் உள்நாட்டு நீர்வழிகளில் நீராவிப் படகுகளை ஓட்டும் உரிமையும் கிடைத்தது. இந்த இரண்டாவது உரிமையை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். மாஓ துன்னின் கதையிலே அந்தப் படகு வருகின்றது.

உடன்படிக்கைகள் துறைகளைத் திறந்தன; தீர்வையைப் பூட்டின. இறக்குமதித் தீர்வை பெறுமதியின் நூற்றுக்கு ஐந்து என்ற அளவிலே கட்டப்பட்டது. 1929–30 காலப்பகுதியிலேயே தீர்வை விதிக்கும் அதிகாரம் சீனாவுக்கு மீண்டது. இதற்கிடையில் உள்நாட்டு வணிகன் வழியிலுள்ள ஒவ்வொரு சாவடியிலும் லிகின் என்னும் வரியைச் செலுத்தவேண்டியிருந்தது. அந்நியப் பண்டமோ மேலதிகமாக நூற்றுக்கு இரண்டரை செலுத்திப் போக்குவரத்துச் சீட்டொன்றைப் பெற்றுவிட்டால், எல்லாச் சாவடிகளையும் கடந்து செல்லலாம். தன்னுடைய நதியிலே தன்னுடைய பண்டத்தை அந்நியன் பெயரில் அனுப்பினால் இலாபம் என்ற விபரீத நிலைக்குச் சீன வணிகன் தள்ளப்பட்டான். பலர் அவ்வாறே செய்தனர்.

இந்த அமைப்பின் மையத்தில் நின்றவனே கொம்பிரதோர். கொள்வனவாளன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரைத் தமிழிலே தரகு முதலாளி என்கிறோம். மொழியும் சந்தையும் அறியாத அந்நிய நிறுவனத்துக்காக அவன் கொண்டான், விற்றான், பணியாளரை அமர்த்தினான், கடன் வாங்குவோரின் நாணயத்துக்குப் பிணை நின்றான். எமது எழுத்துக்களில் இச்சொல் ஒரு வசையாகவே வழங்கிவருவதால் ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். ஜார்டின் மத்தெசன் நிறுவனத்தின் தரகராயிருந்த தாங் திங்ஷூதான் லீ ஹுங்சாங் 1872இல் தொடக்கிய சீன வணிகர் நீராவிக் கப்பற் கம்பனியை அடுத்த ஆண்டு பொறுப்பேற்று நடத்தினார். பட்டர்பீல்ட் அன்ட் சுவயர் நிறுவனத்தின் தரகராயிருந்த செங் குவான்யிங்தான் அந்நியருக்கெதிராகப் படைப்போரைவிட வணிகப்போரே அவசியம் என்று நூலெழுதினார். தரகனும் தேசியவாதியும் ஒரே சட்டைக்குள் இருந்த காலம் அது. ‘நள்ளிரவை’ மதிப்பிடும்போது இது பயன்படும்.

ஹான்கௌவின் கதையில் எமக்கும் ஒரு பங்குண்டு. ஹான் ஆறும் யாங்சியும் கூடுமிடத்திலே, ஷாங்காயிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் உள்ளே அமைந்த அந்நகருக்குக் கோடைகாலப் பெருவெள்ளத்திலே சமுத்திரக் கப்பல்கள் நேரே ஏறிவந்து, புதுத் தேயிலையை ஏற்றிக்கொண்டு இலண்டனுக்குப் போட்டியிட்டு ஓடின. 1880களிலே அந்தச் சந்தை சரிந்தது. இலை நோயினாற் கோப்பி அழிந்தபின் இலங்கை மலைநாட்டிலும், அதற்கு முன்பே அசாமிலும் பிரித்தானிய மூலதனம் தேயிலையைத் தானே பயிரிடத் தொடங்கிவிட்டது. சீனக் குடியானவனிடம் தரகன் மூலம் வாங்குவதைவிடத் தமிழ்த் தொழிலாளரைத் தோட்டத்துக்குள் வைத்துக் கொழுந்தெடுப்பிப்பது அதற்கு மலிவாயிற்று. இரஷ்ய வணிகர் மாத்திரம் தமது கட்டித் தேயிலை ஆலைகளுடன் ஹான்கௌவில் நிலைத்தனர். இரு நாட்டு உழைப்பாளரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விலைப்பட்டியலின் இரு வரிகளில் எழுதப்பட்டனர்.

இத்துறைமுகங்கள் சீனாவின் உட்பகுதியை உண்மையில் எவ்வளவு பாதித்தன என்பது பற்றி ஆய்வாளரிடையே ஒருமைப்பாடில்லை. அமெரிக்க அறிஞர் ரோட்ஸ் மர்ஃபி 1977இல் வெளியிட்ட ‘வெளியாட்கள்’ என்னும் நூலில், இந்தியாவிற் போலன்றிச் சீனாவில் அந்நியர் கரையோரத்தில் நின்ற வெளியாட்களாகவே இருந்தனர், உள்நாட்டுப் பொருளாதாரம் தன்போக்கிலேயே இயங்கியது என்று வாதிட்டார். வில்லியம் றோ 1984இல் வெளியிட்ட ஹான்கௌ பற்றிய ஆய்வு, அந்நியர் வருமுன்னரே அங்கு வளமான வணிகமும் வலிமைமிக்க வணிகச் சங்கங்களும் இருந்தமையை நிறுவியது. றோவின் முடிவை மறுப்பதற்கில்லை. சீன வணிகத்தை ஐரோப்பியன் கண்டுபிடித்தான் என்ற கட்டுக்கதைக்கு அது நல்ல மறுமொழி. ஆனால் மர்ஃபியின் வாதத்திலே ஓர் இடறல் உண்டு. அந்நியப் பண்டம் எத்துணை தூரம் சென்றது என்று அவர் அளக்கிறார். விலை எத்துணை தூரம் சென்றது என்பதும் அளக்கப்பட வேண்டும். அந்நியத் துணியை ஒருநாளும் உடுத்தாத குடியானவனின் பட்டுக்கூட்டுக்கு நியூயோர்க்கிலும் லியோனிலும் விலை நிர்ணயமாகுமாயின், அவன் வெளியாட்களின் பிடிக்கு வெளியே வாழ்ந்தான் என்று எவ்வாறு கூறுவது? இக்கேள்விக்கு மாஓ துன் 1932இலேயே புனைகதையில் விடையெழுதியிருந்தார்.

முதலில் ‘நள்ளிரவை’ எடுத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் இரண்டு மாதங்களில் நிகழும் கதை. நாட்டுப்புறத்திலிருந்து நீர்வழியாகக் கொண்டுவரப்படும் முதிய நிலப்பிரபு ஒருவர் ஷாங்காய்த் துறையில் இறங்கி, மகனின் மோட்டார்க் காரிலேறி, மின்விளக்குகளையும் விளம்பரங்களையும் வாசனை பூசிய பெண்களையும் கண்டு அதிர்ச்சியுற்று அன்றிரவே மாண்டுபோகிறார். அவருடைய இழவு வீட்டிலேயே ஆலை முதலாளிகள், முறிச்சந்தைச் சூதாடிகள், படையதிகாரிகள், பேராசிரியர்கள், நடனக்காரிகள் அனைவரும் அறிமுகமாகின்றனர். நாவலின் மிகச்சிறந்த பகுதி இதுவே. பிணம் ஒரு அறையிற் கிடக்க, மற்றோர் அறையில் அரசாங்கக் கடன் முறிகளின் விலையேற்றத்துக்குத் திட்டமிடுகிறார்கள். உள்நாட்டுப் போரில் ஒரு படையைப் பின்வாங்கச் செய்ய மூன்று இலட்சம் யுவான் கொடுக்கப்படுகிறது. படை முப்பது லி தூரம் பின்வாங்குகிறது. போரைப் பற்றிப் பல நூல்கள் சொல்லாததை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இவ்வறிவை மாஓ துன் நூலகத்திற் பெறவில்லை. 1930இற் கண்நோயினால் வாசிப்பதற்கு மருத்துவர் தடை விதித்தபோது, தம் உறவினரும் ஊரவருமான வங்கியாளர், ஆலைக்காரர், முறிச்சந்தை ஆட்கள் ஆகியோரின் வீடுகளுக்குச் சென்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாவலெங்கும் அந்தப் பேச்சின் சூடு உள்ளது. வூ சுன்ஃபூ என்னும் பட்டாலை முதலாளி சீனத் தொழிற்றுறையை எழுப்பிவிடக் கனவு காண்பவன். அவனை எதிர்ப்பவன் அமெரிக்க மூலதனத்தின் துணைபெற்ற சாஓ போதாஓ. யப்பானியப் பட்டின் போட்டி, உலகப் பொருளாதார மந்தம், உள்நாட்டுப் போர் ஆகிய மூன்றும் வூவை நெருக்குகின்றன. ஆலையின் இழப்பை ஈடுசெய்ய அவன் தொழிலாளரின் கூலியைக் குறைக்கின்றான்; அதுவும் போதாமல் முறிச்சந்தையில் இறங்குகின்றான். தேசியத் தொழிலைக் காப்பாற்றப் புறப்பட்டவன் சூதாடியாகி, சொந்த மைத்துனனாலேயே கைவிடப்பட்டு அழிகிறான். தரகு மூலதனத்துடன் போராடும்போது அவனும் தரகு மூலதனத்தின் முறைகளையே கைக்கொள்கிறான் என்பது ஆசிரியரின் கூர்மையான அவதானம். செங் குவான்யிங் போன்றோர் ஒரே உடலிற் கொண்டிருந்த முரண்பாடு இங்கே இரு பாத்திரங்களாகப் பிரிக்கப்பட்டபோதும், வூவின் நடத்தையில் அது மீண்டும் எட்டிப்பார்க்கிறது.

எனினும் நாவலின் பெரும்பகுதியில் அந்தப் பிரிப்பு மிகுந்த ஒழுங்குடன் நடத்தப்படுகின்றது. சாஓ போதாஓ ஓர் ஆள் அல்லன். ஒரு நிலைப்பாட்டின் பெயர். நூலை எழுதும் காலத்தில் மாஓ துன் சூ சியூபாயுடன் கலந்தாலோசித்தார். இரு முதலாளிகளும் இறுதியில் இணங்கிப்போவதாக இருந்த முடிவு அவரது ஆலோசனையின் பேரிலேயே ஒருவனின் தோல்வியாக மாற்றப்பட்டது. கோட்பாட்டுத் தெளிவு இதனாற் கூடியிருக்கலாம். ஆனால் இணக்கமே வரலாற்றுக்கு அண்மையானதாயும், வாசகனுக்குக் கூடுதலான கலக்கத்தைத் தருவதாயும் இருந்திருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது. பட்டாலைப் பெண்களின் வேலைநிறுத்தம் பற்றிய அத்தியாயங்கள் விவாத அறிக்கைகள் போலச் செல்கின்றன. முதலாளியின் வரவேற்பறையில் ஒவ்வொரு நாற்காலியையும் அறிந்த பேனா, தொழிலாளியின் குடிசையில் எதை எங்கே வைப்பதென்று தடுமாறுகிறது. நான்காம் அத்தியாயத்தில் மாத்திரம் கதை நாட்டுப்புறப் பட்டினமொன்றுக்குச் சென்று குடியானவர் எழுச்சியைக் காட்டுகிறது. பின்னர் அங்கு திரும்புவதேயில்லை. முதலில் வகுத்த பெருந்திட்டத்தைச் சுருக்கவேண்டி வந்தமை இதற்குக் காரணம். நாவலின் குறை என விமரிசகர் பலரும் சுட்டும் இந்த அத்தியாயமே என்னைப் பொறுத்தவரை அதன் மனச்சாட்சியாக உள்ளது. நகரைத் தாங்கிநிற்பது எது என்று ஆசிரியர் அறிந்திருந்தார். அதை நகரக் கதைக்குள் வைக்க இடங்கிடைக்கவில்லை.

இடங்கிடைத்தது கதைகளில்.

‘லின் குடும்பத்தின் கடை’ நிகழுமிடம் ஷாங்காயுடன் நீர்வழியால் இணைந்த ஒரு சிறு பட்டினம். காலம் 1932இன் தொடக்கம். மஞ்சூரியாவை யப்பான் கைப்பற்றியதையடுத்து நாடெங்கும் யப்பானியப் பண்டப் பகிஷ்காரம் நடக்கின்றது. லின் என்பவர் விற்பது துவாய், சவர்க்காரம், குடை, பற்பொடி முதலிய வெளிநாட்டுச் சில்லறைச் சாமான்கள். அவற்றுட் பெரும்பகுதி யப்பானியப் பண்டம். கதை கடையில் தொடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யப்பானியத் துணி உடுத்தியதற்காக அவமானப்பட்ட மகள் அழுதுகொண்டு வீட்டுக்கு வருவதில் தொடங்குகின்றது. சர்வதேச அரசியல் ஒரு பெண்பிள்ளையின் சட்டை வழியாக வீட்டுக்குள் நுழைகின்றது.

அடுத்து நடப்பது இன்னும் நுட்பமானது. கோமின்டாங் கட்சியின் உள்ளூர்க் கிளைக்கு லின் நானூறு யுவான் கொடுக்கிறார். அடையாளச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு அதே பண்டத்தை விற்க அனுமதி கிடைக்கிறது. தேசபக்தி ஒரு வரியாகிவிடுகிறது. முன்பு நதிச்சாவடியில் அறவிடப்பட்ட லிகின் 1931இல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கடை வாசலில் இப்புது அறவீடு. லின் ஏமாற்றுக்காரரா? ஆம். அவரைவிடப் பெரிய ஏமாற்றுக்காரர்களின் அனுமதியுடன் ஏமாற்றுகிறவர்.

புத்தாண்டு நெருங்கும் வேளை விலைக்குறைப்பு அறிவிக்கப்படுகிறது. நாட்டுப்புறத்தார் கூட்டமாக வருகின்றனர், பார்க்கின்றனர், போகின்றனர். இளைஞன் ஒருவன் குடையொன்றை விலை கேட்கிறான். தகப்பன் ஏசுகிறான். ஒரு படகு விறகு விற்றுக் கிடைத்தது மூன்று யுவானுக்குச் சற்றுக் கூட. அரிசிக்காகத் தாய் வீட்டிற் காத்திருக்கிறாள். குடை மீண்டும் கடைக்குள் வருகிறது. பண்டம் கிராமத்தைச் சென்றடையவில்லை என்று இதைக் கண்டு மர்ஃபி சொல்லக்கூடும். குடையை அவன் ஏன் வாங்கமுடியவில்லை என்பதே எமது கேள்வி.

1932 ஜனவரி 28இல் யப்பானியப் படை ஷாங்காயைத் தாக்குகிறது. (மாஓ துன் முன்னர் பணியாற்றிய பதிப்பகம் அத்தாக்குதலிலேயே எரிந்தது, ‘நள்ளிரவின்’ தொடக்க அத்தியாயங்கள் அச்சாகவிருந்த சஞ்சிகையும் உடன் அழிந்தது.) போரினாற் பட்டினத்துக்கு இருவகை மனிதர் வருகின்றனர். ஒருவர் ஷாங்காய் மொத்த வியாபாரியின் கடன் வசூலிப்பவர். கடையிலேயே தங்கிக்கொண்டு பணத்துக்காகக் காத்திருக்கிறார். மற்றையோர் அகதிகள். விசுவாசமுள்ள சிப்பந்தி ஷௌஷெங் ஓர் உபாயம் சொல்கிறான். அகதிகளிடம் முகங்கழுவத் தட்டமில்லை, துவாயில்லை, பற்றூரிகையில்லை. எல்லாவற்றையும் ஒரு பொதியாக்கி ஒரு யுவானுக்கு விற்போம். கடை சில நாட்கள் களைகட்டுகிறது. யப்பானியக் குண்டுகளிலிருந்து தப்பி வந்தோர், அடையாளம் கிழிக்கப்பட்ட யப்பானியப் பண்டங்களும் அடுக்கப்பட்டிருந்த கடையில் நின்று சாமான் வாங்குகின்றனர். இதைப்பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தையும் விமர்சிப்பதில்லை. சொல்லாமல் விட்ட இந்த இடத்திலேயே அவரது யதார்த்தவாதம் முதிர்ச்சியடைந்து காணப்படுகிறது.

இக்கதையிற் கடன் எவ்வழியாக ஓடுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே ஷாங்காயின் அந்நிய வங்கிகள் சீன மரபுவழி வங்கிகளுக்குக் குறுங்காலக் கடன் கொடுத்து வந்தன. அவ்வங்கிகள் மொத்த வியாபாரிக்கும், அவன் சிற்றூர்க் கடைக்கும், கடைக்காரன் கிராமத்துச் சிறுகடைகளுக்கும் கடன் கொடுத்தனர். சரக்கு கீழ்நோக்கி வருவதும் அறுவடைக்குப்பின் பணம் மேல்நோக்கிப் போவதும் இச்சங்கிலியின் இயல்பான சுவாசம். மேலே ஒரு கை இழுத்தால் கீழே எல்லாக் கணுக்களும் இறுகும். 1932இல் அதுவே நிகழ்கின்றது. ஷாங்காயில் பணம் முடங்க வசூலிப்பவர் வருகிறார். உள்ளூர் வங்கி புதுக்கடனை மறுக்கிறது. கிராமக் கடைகளிடம் லின்னுக்கு வரவேண்டிய பணம் வருவதில்லை. எதிர்க்கடைக்காரன் லின் முறியப்போகிறார் என்று வதந்தி பரப்புகிறான். கடனில் வாழும் கடையை அழிக்க அதுவே போதும்.

ஆனால் லின் கடன்பட்டவர் மட்டுமல்லர். வங்கி வாசலை மிதித்தறியாத ஏழைக் கைம்பெண்கள் தமது சொற்பச் சேமிப்பை அவர் கடையிலே வட்டிக்கு வைத்திருக்கின்றனர். அவர் அவர்களுக்கு வங்கியாளர். இந்த ஒரே விவரத்தால் லின்னின் வர்க்கநிலை முழுமை பெறுகின்றது. மேலேயுள்ளவன் அவரைப் பிழிகிறான். அவர் பிழியும் எண்ணமில்லாமலே கீழேயுள்ளவர்களின் பணத்தில் மிதக்கிறார். இறுதியில் மகளுடன் இரவோடிரவாக ஓடிப்போகிறார். கடையில் எஞ்சியதை வங்கியும் ஷாங்காய் வியாபாரியும் எடுத்துக்கொள்கின்றனர். கட்சிக் கிளையின் வாசலில் முறையிடச் சென்ற சிறு கடன்காரரைப் பொலிசார் அடித்து விரட்டுகின்றனர். நெரிசலிற் சாங் என்னும் கைம்பெண்ணின் குழந்தை மிதிபடுகிறது. அவள் சித்தங் கலங்கி ஓடுகிறாள்.

ஒரு குறையும் உண்டு. உள்ளூர் அதிகாரி லின்னின் மகளை வைப்பாட்டியாகக் கேட்பதும், அதனாற் கடைக்காரர் மேலும் நெருக்கப்படுவதும் பழைய நாடகத்திலிருந்து வந்த சரக்கு. பணமொன்றே லின்னை அழிக்கப் போதுமாயிருக்கையில் காமவெறிபிடித்த அதிகாரி தேவையில்லை. தனிமனிதனின் கெடுகுணத்தைக் காட்டியவுடன் அமைப்பின் குற்றம் சற்றுக் குறைந்துவிடுகிறது.

‘இளவேனிற் பட்டுப்புழுக்கள்’ கதையில் இக்குறை இல்லை. முதிய தோங் பாஓ கால்வாய்க் கரையில் அமர்ந்திருக்கிறான். வளைவிலிருந்து சிறு நீராவிப் படகொன்று பெரிய படகுகளை இழுத்துக்கொண்டு ஊளையிட்டு வருகிறது. நாட்டு வள்ளமொன்று அவசரமாகக் கரை சேர்கின்றது. வள்ளக்காரன் கரைப் புல்லைப் பற்றிக்கொண்டு அலையில் ஊஞ்சலாடுகிறான். 1895ஆம் ஆண்டின் உடன்படிக்கை வாசகம் இவ்வாறுதான் அந்தக் கால்வாயில் ஓடிற்று. ‘அந்நிய’ என்ற சொல்லைக் கேட்டாலே தோங் பாஓவுக்குப் பகைமை. அந்நியத் துணி வந்தது, அந்நிய எண்ணெய் வந்தது, நீராவிப் படகு வந்தது. தன் பண்டம் மலிந்தது, கடன் முந்நூறு யுவானாயிற்று. அவனது பொருளியல் அவ்வளவே. பெரும்பாலும் சரியான பொருளியல். எனினும் அந்நிய வித்துக்கூட்டுக்கு விலை அதிகம் என்பதால் மருமகள் சொற்படி ஒரு தட்டில் அதையும் வளர்க்க உடன்படுகிறான்.

ஒரு மாதம் குடும்பமே உறக்கமின்றி உழைக்கின்றது. பூண்டில் மண்பூசிச் சகுனம் பார்க்கின்றனர்; சகுனம் தீயதாகவே அமைகிறது. தீட்டுள்ளவள் எனக் கருதப்படும் பெண்ணை ஒதுக்குகின்றனர். முசுக்கட்டை இலை வாங்க மாதம் நூற்றுக்கு இரண்டரை வட்டிக்கு முப்பது யுவான் கடன். பிறகு முசுக்கட்டைத் தோட்டமே ஈடு. புழுக்களோ அற்புதமாக வளர்கின்றன. பல்லாண்டு காணாத விளைச்சல். கிராமத்து அறிவு தோற்கவில்லை, இயற்கை துரோகஞ் செய்யவில்லை. ஆனால் கூடு வாங்கும் ஆலைகள் கதவு திறக்கவில்லை. படகிலேற்றி வூசிக்குக் கொண்டுபோனால் அங்கு பொறுக்கியெடுத்துப் பாதியைத் தள்ளுகின்றனர். கிடைத்தது 111 யுவான். வழிச்செலவு போக நூறு. தோட்டம் போயிற்று, கடன் கூடிற்று. விளைச்சல் நன்றாயிருந்தமையாலேயே அழிவு.

சீ. ற்றி. ஸியா தமது சீன நவீன புனைகதை வரலாற்றில் (1961) ‘நள்ளிரவை’ இறக்கி இக்கதையை உயர்த்துகிறார். அரசியற் கொள்கையை மீறி உழைப்பின்மீதான குடியானவனின் பக்தியை ஆசிரியர் அன்புடன் எழுதியதே கதையின் சிறப்பு என்பது அவர் கருத்தின் சாரம். அந்த அன்பு உண்மை. ஆனால் பக்தி மட்டுமே இருந்திருந்தால் இது கிராமியச் சித்திரமாக முடிந்திருக்கும். சடங்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு கடன்தொகை எழுதப்பட்டுள்ளது. கதையின் சோகம் அக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. கொள்கையை மீறியதால் இக்கதை சிறக்கவில்லை; கொள்கை இலக்கமாகவும் வட்டியாகவும் உடல் பெற்றதாலேயே சிறந்தது. தொடர்ந்து எழுதப்பட்ட ‘அறுவடை’, ‘கடுங்குளிர்’ கதைகளில் இளைய மகன் கிளர்ச்சிக்காரனாகும்போது கணக்குப் பின்தள்ளப்படுகின்றது, கதையும் மெலிகின்றது.

மறுபுறத்து விமரிசனமும் இதே பிழையை வேறுவிதமாகச் செய்தது. ஸியா யென்னின் திரைக்கதையுடன் 1959இல் எடுக்கப்பட்ட ‘லின் குடும்பத்தின் கடை’ படம், முதலாளியிடம் அனுதாபங் காட்டுகிறது என்று 1965இல் சீனாவிற் கண்டிக்கப்பட்டது. கடைக்காரன் சுரண்டுபவனா, சுரண்டப்படுபவனா என்று ஒரே சொல்லில் விடை கேட்டவர்களுக்கு அப்படம் குழப்பமாகவே தெரிந்திருக்கும். நதித்துறைமுக வணிகம் தன் சங்கிலியின் நடுவே வைத்திருந்த இலட்சக்கணக்கானோரில் ஒருவர் லின். அவருக்காக இரங்கும் வாசகன் அவர் ஓடிய இரவுக்குப் பிந்திய பக்கங்களையும் வாசிக்கவே செய்கின்றான். அனுதாபம் அங்கே கைமாறுகிறது. கைமாறும்படியாகவே கதை கட்டப்பட்டுள்ளது.

‘நள்ளிரவின்’ வூ சுன்ஃபூவுக்கும் சொந்த ஊரில் அடகுக்கடை, மரபுவழி வங்கி, அரிசியாலை, மின்நிலையம் என்பன உண்டு. குடியானவர் எழுச்சியில் அவற்றை இழந்ததாக ஷாங்காயிலிருந்து அவன் கணக்குப் பார்க்கிறான். அந்த வங்கியிற் காசு போட்டிருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது பத்தொன்பது அத்தியாயங்களிலும் முன்னிலைக்கு வருவதில்லை. அவர்களைத் தேடும் வாசகன் கோமின்டாங் கிளையின் வாசலில், சாங் என்னும் கைம்பெண் நின்ற கூட்டத்துக்கே போகவேண்டியுள்ளது.